தலை ஆடி

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் காலையில், கன்னியப்பன் தன் மனைவியை அழைத்துப் போக அடைக்கல இல்லத்துக்கு வந்தான். ஒரு கையில் ஓலைப்பெட்டி, இன்னொரு கையில் செருப்பு. கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு அது. வீராம்பட்டினத்திலிருந்து வருகிற வழியில் பாதி மணல் என்பதால் காலில் போட்டுக் கெடுக்க மனம் வரவில்லை. இல்லத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நாலு எட்டு கம்பீரமாக நடந்து வந்து, படியேறுமுன் மறுபடியும் கழற்றி வைத்தான். மாமியார் வீட்டுக்கு வருகிறவன் செருப்பு இல்லாமல் வந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

மாமியார் வீடு என்று அவன் நினைத்த அந்தக் கட்டடம் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சாராயப் பீப்பாய் அடுக்கி வைத்திருந்த கிடங்கு. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் ரம்மு வாசனை வரும். வெள்ளைக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்து, போக்கிடம் இல்லாத இளம்பெண்களுக்காக அதை இல்லமாக்கினார்கள். அப்புறம் சைகோனிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். அங்கே கடை வைத்திருந்தவர்கள், கணக்கு எழுதினவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள். இங்கே இறங்கும்போது தகரப்பெட்டியும் பிள்ளைகளும் தவிர அவர்களிடம் ஒன்றும் இல்லை. சங்கம் அவர்களையும் இதே கிடங்குக்கு அனுப்பி வைத்தது. சங்கத்துக்கு மனசு பெரிசு, கட்டடம் சின்னது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் ராஜாம்பாள்.

ராஜாம்பாள் அந்த இல்லத்தின் பொறுப்பாளி. நாற்பதைத் தாண்டியவள். பிள்ளை குட்டி இல்லை. அவள் புருஷன் மேரியில், அதாவது நகரசபையில், குமாஸ்தாவாக இருந்தவர். துரைமார்களோடு தானும் கப்பலேறினார். அங்கே போய்க் கால் ஊன்றியதும் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கால் ஊன்றவில்லை போலிருக்கிறது. இல்லத்தில் பெரியவர்களிலிருந்து கைக்குழந்தைகள் வரைக்கும் அவளைப் பிரெஞ்சு வழக்கில் மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். தனக்கொடி ஒருத்திதான் அம்மா என்று கூப்பிட்டாள், அதுவும் கல்யாணத்தன்றிலிருந்து.

தனக்கொடிதான் கன்னியப்பனின் மனைவி. கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன அப்பா கரை திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போனாள். வேலை வாங்கித் தருகிறேன் என்று அழைத்து வந்த மாமன், பெரிய மார்க்கெட் வாசலில் அவளை நிற்க வைத்து, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று போனவன்தான். மீன் கூடைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தவளை ராஜாம்பாள்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். இல்லத்தில் எழுத்துக் கற்றாள், தையல் கற்றாள். வீராம்பட்டினத்திலிருந்து வரன் வந்தது. சாதி ஒத்துப்போனது, பையனும் நல்லவன். வைகாசியில் இல்லத்துக் கூடத்திலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குத் தாய் வீடு எது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டபோது, சங்கத்துக்காரர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே ராஜாம்பாள் முன்னால் வந்து, "இதுதான் தாய் வீடு. நான்தான் தாயி" என்றாள். சபை முழுக்கக் கேட்டது. தனக்கொடி காலில் விழுந்து எழுந்து அம்மா என்றாள். ராஜாம்பாள் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்துச் சங்கத் தலைவர் கோவிந்தராசுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தனக்கொடியின் அறை சைகோனிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. இடம் காலி செய்வதில் ராஜாம்பாளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு என்று கோவிந்தராசு கூட்டத்தில் மெச்சிப் பேசினார். அவளுக்கும் அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

கன்னியப்பன் வந்தபோது அவள் கூடத்தில் சமையலுக்கு அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

அவன் ஓலைப்பெட்டியைக் கீழே வைத்தான். உள்ளே ஒரு முழுக் கொடுவா மீன். மாமியார் மீன் தொடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பெண் எடுத்த வீட்டுக்குக் கடல்காரன் வேறு என்னத்தைக் கொண்டுவருவான்.

"அம்மா அனுப்புச்சி அத்தே. நாளைக்கி எங்கூர்ல தேரு. மருமவ வூட்ல இருக்கணும்னு சொல்லுச்சி. தலை ஆடிக்கு அழைச்சி ஒரு மாசமா நல்லபடியா வச்சிக்கினீங்க. அதான், தனக்கொடிய கூட்டிக்கினு போலாம்னு வந்தேன்" என்றான்.

ராஜாம்பாளின் கையிலிருந்த படி சாய்ந்து அரிசி தரையில் கொட்டியது. தலை ஆடிக்கு அவள் யாரையும் அழைக்கவில்லை. தனக்கொடி இந்த இல்லத்தில் இல்லை. ஆடி பிறந்த அன்றைக்குப் பிறகு ராஜாம்பாள் அவளைக் கண்ணால் பார்க்கவும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் மனைவி எங்கே இருந்தாள் என்று தெரியாத புருஷன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் வீடு திரும்புவான். அவன் மன்னித்தாலும் அவன் தாய் மன்னிக்கமாட்டாள். தாய் மன்னித்தாலும் குப்பம் மன்னிக்காது. தனக்கொடிக்கு இருக்கிற ஒரே வீடும் போய்விடும்.

"கோயிலுக்குப் போயிருக்கா. மணக்குள விநாயகருக்கு ஏதோ வேண்டுதலாம். நீங்க சாயங்காலமா வாங்க மாப்பிள்ளை, தயாரா இருப்பா" என்றாள் ராஜாம்பாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் சந்தேகப்படவே இல்லை. மார்க்கெட்டில் வலைக்கு நூல் வாங்க வேண்டியிருக்கிறது, சாவகாசமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்போடு கிளம்பினான்.

ஆடி பிறந்த அன்றைக்கு நடந்தது இதுதான். கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய் வீட்டார் வந்து சீர் வைத்து அழைத்துப் போக வேண்டும். ஆண்டியிலிருந்து அரசன் வரை எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அழைக்க ஆள் வராத பெண்ணை மாமியார் வீட்டில் ஜாடை பேசியே தீர்த்துவிடுவார்கள். ராஜாம்பாளுக்கு இது தெரியாததல்ல. அவளுடைய தலை ஆடிக்கு அவள் அப்பா ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் தாம்பாளத்தோடு வந்து இறங்கியதும், அவள் மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டே வழிவிட்டதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. தனக்கொடிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆனி மாதம் முழுக்க நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். நினைப்பதற்குக் காசா, பணமா. அப்போது புதிதாக ஒரு கப்பல் வந்தது. நடையில் கூடப் படுக்க இடமில்லாமல் ஜனங்கள் நிறைந்தார்கள். அழைத்து வந்தால் எங்கே படுக்க வைப்பது? கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு இல்லத்தில் ராத்தங்கல் கிடையாது என்று ஒரு விதி வேறு. ஊரில் சொந்தம் உள்ளவர்களுக்கு இடமே கிடையாது என்பது இன்னொரு விதி. போட்டவர் கோவிந்தராசு, காத்தவள் ராஜாம்பாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அப்படித் தள்ளிப்போட்டதில் ஆடியும் பிறந்தது. அன்று மத்தியானம் தனக்கொடி தானாகவே வந்து நின்றாள். ராஜாம்பாள் சந்தோஷமாகத்தான் வா என்றாள். காப்பி கொடுத்தாள். மாமியார் எப்படி, புருஷன் எப்படி என்று விசாரித்தாள். எல்லாம் நல்லாயிருக்கும்மா என்றாள் அவள். பேசிக்கொண்டே இருக்கும்போது தூணுக்குப் பின்னால் ஒரு மூட்டை இருப்பது ராஜாம்பாள் கண்ணில் பட்டது. கட்டம் போட்ட நீலத் துணி. அவள் கையால் கொடுத்த துணி. முடிச்சுக்குள்ளிருந்து ஒரு ரவிக்கையின் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வேளைக்கு வந்து போகிறவள் மாற்று ரவிக்கையோடு வரமாட்டாள். இது ஒரு மாதத்துக்கான மூட்டை. ராஜாம்பாள் அதைப் பார்த்தாள், என்னவென்று தெரிந்துகொண்டாள், கண்ணை எடுத்துக்கொண்டாள். என்ன மூட்டை என்று கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் இரு என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் கோவிந்தராசு நாலு பெரிய மனிதர்களோடு இல்லத்தைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள கெளம்பும்மா. இருட்டிப் போச்சின்னா மாப்பிள்ளை கவலைப்படுவாரு" என்றாள்.

தனக்கொடி காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சரிம்மா" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு மாதம் ராஜாம்பாள் அவள் வீராம்பட்டினத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை. அங்கே போய் எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும், அதனால்தான் போகவில்லை. சாப்பிடும்போது அந்த ரவிக்கையின் கை சில சமயம் ஞாபகத்துக்கு வரும். சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுவாள்.

இப்போது யாரிடம் கேட்பது? போலீசுக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும். கோவிந்தராசுவிடம் போனால் போலீசுக்குப் போ என்பார். ரயிலடி, மார்க்கெட், கடற்கரை என்று மனசு ஓடியது. கடற்கரை என்று நினைத்ததும் அதற்கு மேல் நினைக்கப் பயந்தாள். காலும் கையும் ஓடாமல், வெயிலில் கிடந்தால் மீன் கெட்டுவிடுமே என்ற ஒரு நினைப்பு மட்டும் தெளிவாக இருந்ததால், ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஜீனத்துன்னிசா அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜீனத்துன்னிசா சைகோனிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்தவள். கடையை விற்றுவிட்டு வருகிறேன் என்று புருஷன் அங்கேயே தங்கியிருந்தான். தனக்கொடி இருந்த அறையில் இப்போது இருப்பது இவர்கள்தான். பிள்ளைகள் பாதித் தமிழிலும் பாதி சைகோன் பக்கத்து அன்னாமித் பாஷையிலும் சண்டை போடுவார்கள். இவள் அதிகம் பேசமாட்டாள். இல்லத்து மாப்பிள்ளை மீன் கொண்டுவந்திருக்கிறார், சாயங்காலம் வருவார், குழம்பு வைத்துவிடுங்கள் என்று ராஜாம்பாள் சொன்னாள். தனக்கொடி எங்கே என்று ஜீனத்துன்னிசா கேட்கவில்லை. கூடத்தில் நடந்த பேச்சு பின்கட்டு வரைக்கும் கேட்டிருந்தது. அவள் மீனைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், அரிவாள்மணையை இழுத்துப் போட்டாள், பிறகு அறுக்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"மதாம், ஒண்ணு சொன்னேன்னா எங்கள வெளிய அனுப்பிடுவீங்க. சொல்லாம இருந்தேன்னா அந்தப் புள்ள வாழ்க்கை போயிடும்" என்றாள்.

ராஜாம்பாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல எங்களுக்குச் சொந்தம்னு யாருமே இல்லன்னு சங்கத்துல சொன்னேன். பொய்யி. முல்லா வீதியில எங்க நாத்தனாரு பரீதா இருக்காங்க. தனக்கொடி அங்கதான் இருக்கு."

பிறகு முழுவதையும் சொன்னாள். அன்றைக்குக் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் ஒரு பெண் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாளாம். விசாரித்ததில், அம்மா வீட்டில் அழைக்கிறார்கள், ஆள் வர முடியவில்லையாம், என்னையே வரச் சொன்னார்கள் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததாம். திரும்பிப் போனால் அம்மாவின் மானம் போய்விடும் என்று அழுதாளாம். இல்லத்தில் அவள் இருந்த அறை எது என்று கேட்டபோது, அது தானும் பிள்ளைகளும் படுத்திருக்கிற அறை என்று தெரிந்ததாம். அதற்குப் பிறகு அவளை அங்கே விட்டுவிட்டு வர ஜீனத்துன்னிசாவுக்குக் கால் எழவில்லை. நாத்தனார் வீட்டில் ஒரே அறை, தானும் பிள்ளைகளுமாக நாலு பேர் அங்கே ஒண்ட முடியாது, ஒருத்தியை வைத்துக்கொள்ள முடிந்தது. உங்களிடம் சொன்னால் எங்கள் சொந்தம் வெளியே வந்துவிடுமே என்று தினமும் பயந்துகொண்டே சொல்லாமல் இருந்தேன், அது என் தப்பு என்றாள்.

தப்பு யாருடையது என்று ராஜாம்பாளுக்குத் தெரியும். முதலில் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடுத்த மூச்சில் வெட்கம் வந்தது. சபையில் நான்தான் தாய் என்று சொன்னவள் இவள். எதுவும் சொல்லாமல் தாயாக இருந்தவர்கள் வேறு யாரோ. குழம்பு வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

தன் பெட்டியைத் திறந்து அடியிலிருந்த அரக்கு நிறப் பட்டுப் புடவையை எடுத்தாள். அவள் தலை ஆடிக்கு அவள் அப்பா எடுத்துக் கொடுத்த புடவை. புருஷன் கூப்பிட்டால் கட்டிக்கொண்டு கப்பலேறலாம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். தாம்பாளத்தில் புடவை, ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம் வைத்தாள். தெருமுனையில் மல்லிகைப்பூ வாங்கினாள். ஊரில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு புஷ்புஷ் வண்டிகளில் ஒன்று சாமிக்கண்ணுவுடையது. அந்த வண்டியில் தள்ளுகிறவர் பின்னால் ஓடுவார், திருப்புகிற பிடி உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். மடியில் தாம்பாளமும் கையில் பிடியுமாக ராஜாம்பாள் முல்லா வீதிக்குப் போனாள். தெருவில் தெரிந்தவர்கள் கல்யாணமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

பரீதாவின் வீட்டு வாசலில் அவள் புருஷன் அன்வருதீன் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயசுப் பெண் வீட்டில் இருக்கிறாள் என்று மெஷினையும் வெளியே கொண்டுவந்து, ராத்திரியில் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் படுத்துக்கொண்டு, ஒரு மாதமாக மனிதர் சாப்பாட்டுக்கு மட்டும்தான் உள்ளே போகிறார் என்று பின்னால் தெரிந்தது. தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். பரீதா வழிவிடவில்லை. நிலைப்படியில் நின்று தாம்பாளத்தையும் ராஜாம்பாளையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆடி இப்பதான் பொறந்துதா மதாம் உங்களுக்கு?" என்றாள்.

ராஜாம்பாள் தாம்பாளத்தை இறக்காமல் வெளியிலேயே நின்றாள். இப்படித்தான் அவள் அப்பாவும் அன்றைக்கு ஒரு வாசலில் நின்றார். அவருக்குக் கூசவில்லை, அவர் முதல் நாளே வந்தவர். பரீதா அவளை நிற்க வைத்தது நியாயம்தான் என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்திருந்தால்கூட நின்றிருப்பாள்.

உள்ளே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தனக்கொடி குரலைக் கேட்டு ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் சொல்லலக்கா? அம்மா வருவாங்கன்னு சொன்னேனே" என்றாள் பரீதாவைப் பார்த்து.

பரீதா உள்ளே போய் நீல மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளே தனக்கொடிக்குத் தலைவாரிப் பூ வைத்தாள். ராஜாம்பாள் குங்குமம் இட்டாள், பட்டுப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். கன்னியப்பன் வந்திருக்கிறான், சாயங்காலம் அழைத்துப் போகிறான், கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சுருக்கமாகச் சொன்னாள். தனக்கொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கிளம்பும்போது பரீதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்வருதீன் மெஷினை மிதித்துக்கொண்டே தலை குனிந்துகொண்டார்.

வண்டியில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மூட்டை தனக்கொடியின் காலடியில் இருந்தது. பிடியைப் பிடித்திருந்ததால் ராஜாம்பாள் பாதையைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அதுவும் ஒரு வகையில் நல்லதாயிற்று. பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்க்க வேண்டாம். பட்டின் பழைய வாசனை வந்துகொண்டிருந்தது. தனக்கொடி அதன் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"அன்னைக்கி நான் மூட்டையத் தூணுக்குப் பின்னால வச்சிட்டேன். அதான் நீங்க பாக்கல. முன்னாலயே வச்சிருக்கணும், எனக்குத்தான் வெக்கமா இருந்திச்சி. பரீதாக்கா தினமும் சொல்லும், பெத்தவளா இருந்தா பாத்திருப்பா, இது சபைக்காக ஆன அம்மாதானேன்னு. நான் வுடல. எங்கம்மா மூட்டையப் பாத்திருந்தா என்னை அனுப்பியிருக்கவே மாட்டாங்கன்னு அடிச்சிச் சொல்லிட்டேன்."

ராஜாம்பாள் ஆமாம் என்று சொன்னால் போதும். ஆமாம்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். மாப்பிள்ளை காத்திருக்கிறான், குழம்பு கொதிக்கிறது, பெண் பட்டுக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. காலையில் மாப்பிள்ளையிடம் அவ்வளவு சுலபமாக வந்த பொய் இப்போதும் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பெண் ஒரு மாதம் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தினமும் ராஜாம்பாளுக்காக வாதாடியிருக்கிறாள். இனி வீராம்பட்டினத்திலும் வாதாடுவாள். ஆயுசுக்கும் வாதாடுவாள். அதைத் தாங்கிக்கொள்ள ராஜாம்பாளால் முடியவில்லை.

"பாத்தேன் தனக்கொடி" என்றாள்.

"எத்த?"

"மூட்டைய. ரவிக்கைக் கை வெளிய தெரிஞ்சிது. நீ எதுக்கு வந்திருக்கேன்னு புரிஞ்சிது. கேட்டா நீ இருக்கேன்னு சொல்லுவ, நான் இடம் பண்ணணும். அதனாலதான் கேக்கல."

பிடி அவள் கையில் தளர்ந்து வண்டி ஓரமாக ஒதுங்கியது. பின்னாலிருந்து சாமிக்கண்ணு, "மதாம், பாத்துத் திருப்புங்க" என்று குரல் கொடுத்தான். அவள் நேராக்கினாள். வாய்க்கால் பாலம் வந்தது, போயிற்று.

"பாத்துட்டுத்தான் பொழுது சாயறதுக்குள்ள கெளம்புன்னு சொன்னீங்களா?"

"ஆமாம்."

தனக்கொடி குனிந்து காலடியிலிருந்த மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிச்சிடு என்று ராஜாம்பாள் சொன்னாள். புடவைக் கரையைத் தடவுவதைத் தனக்கொடி நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் எல்லாம் முறைப்படி நடந்தது. கன்னியப்பன் வந்தான். பட்டுப் புடவையில் மனைவியைப் பார்த்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓலைப்பெட்டி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இலை போட்டார்கள். ஜீனத்துன்னிசாவின் கொடுவாக் குழம்பை மூன்று முறை போட்டுக்கொண்டு, அத்தை வீட்டுக் கைப்பக்குவம் பிரமாதம் என்றான். ராஜாம்பாள் சிரித்து வைத்தாள். தனக்கொடி புருஷனுக்குப் பரிமாறினாள், கோயிலில் கூட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னாள், ஜீனத்துன்னிசாவின் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. அவளுக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் உண்டு என்று ராஜாம்பாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவில் ஒரு தடவை ஜீனத்துன்னிசா சமையல்கட்டு வாசலில் ராஜாம்பாளை நிறுத்தினாள். நாங்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கேட்கும்போதே தகரப்பெட்டி எங்கே என்று கண் தேடிற்று.

"எங்க கெளம்பறது? உங்களுக்குத்தான் ஊர்ல சொந்தம்னு யாருமே இல்லையே" என்றாள் ராஜாம்பாள்.

கோவிந்தராசு நாளைக்குக் கேட்டால் அவரிடமும் இதையேதான் சொல்வாள். அவருடைய விதியை இத்தனை நாள் காத்தாயிற்று. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு அன்றைக்கு மனசு தெளிவாக இருந்தது.

விளக்கு வைப்பதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். சீர்த் தாம்பாளத்தை ராஜாம்பாள் நீட்டினாள். தனக்கொடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இருவரும் காலில் விழுந்தார்கள், அவள் திருநீறு பூசினாள். தேருக்கு நீங்களும் வாங்க அத்தே, வரலன்னா அம்மா கோவிச்சிக்கும் என்று கன்னியப்பன் வற்புறுத்திக் கூப்பிட்டான். ராஜாம்பாள் தனக்கொடியைப் பார்த்தாள். தனக்கொடி மூட்டையின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சுக்குள்ளிருந்து எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

கன்னியப்பன் முன்னால் இறங்கிச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டான். தனக்கொடி படியில் ஒரு நிமிஷம் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ராஜாம்பாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"போய்ட்டு வரேன் மதாம்" என்றாள்.

கன்னியப்பன் அதைக் கவனிக்கவில்லை. இல்லத்தில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

"சரிம்மா" என்றாள் ராஜாம்பாள்.